ஜப்பான்காரன் காலத்துக் கிழங்கு: பாட்டி ஏன் தொடமாட்டேன் என்கிறார்?

ஈசூன் அம்மா | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பக்கம் வாசிக்க மட்டும்தான் வருவேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். முழுமைத் தற்காப்பு தினத்தை, அதாவது சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த நாளை, ஒட்டிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்திருக்கிறார்கள், போர்க்காலத்தில் மக்கள் எதைத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்று தெரியட்டும் என்பதற்காக. அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டிலும் வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரிப்பு. சனிக்கிழமை தேக்கா சந்தையில் இரண்டு கிலோ வாங்கி, தோலுரித்து அடுப்பில் வைத்தேன்.

கொதி வந்து வாசம் கிளம்பியதும் என் பாட்டி அறையிலிருந்து எழுந்து வந்தார். 93 வயது, ஆள் இன்னும் தெளிவு. "அத இறக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டவர் அன்று இரவு சாப்பிடவில்லை.

ஜப்பான்காரன் வந்தபோது பாட்டிக்குப் பத்து வயது, செம்பவாங் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தார்கள். மூன்றரை வருஷம் இந்தக் கிழங்குதான் என்று எப்போதோ ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் கேட்க வந்தது இரண்டு. அந்தக் காலத்தில் ஏன் இந்தக் கிழங்கு மட்டும்? வேறு ஒன்றுமே விளையாதா? இன்னொன்று, பெரியவரை இவ்வளவு வருத்துகிற ஒன்றை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவருவது சரியா?

---

நெல்மணி | திங்கள், இரவு 10.03

முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அக்கா.

போருக்கு முன்பே மலாயாவும் சிங்கப்பூரும் தின்ற அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்தது. பெரும்பாலும் பர்மாவும் சயாமும் (இன்றைய தாய்லாந்து). இங்கே நிலமெல்லாம் ரப்பருக்குப் போய்விட்டது. ரப்பரை விற்று அரிசி வாங்கினார்கள், கப்பல் ஓடுகிறவரை கணக்கு சரியாக இருந்தது. 1942 பிப்ரவரி 15க்குப் பிறகு கப்பல் ராணுவத்துக்குத்தான். பங்கீட்டு அரிசி ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. வீட்டைச் சுற்றி எதையாவது நடு என்று அரசே விரட்டியது.

அப்போது மரவள்ளிக்கு நிகராக எதுவுமில்லை. விதை வேண்டாம், ஒரு சாண் குச்சியை ஒடித்துச் செருகினால் போதும். மோசமான மண்ணிலும் வரும். ஒன்பது பத்து மாதத்தில் கிழங்கு தயார், உடனே பிடுங்கவேண்டும் என்றும் இல்லை, மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்து வேண்டியபோது தோண்டலாம். நெல்லை இப்படி வைத்திருக்க முடியாது.

கெடுதல் இரண்டு உண்டு. கிழங்கில் மாவுச்சத்துதான், புரதம் மிக மிகக் குறைவு. அதையே மாதக்கணக்கில் தின்றால் வயிறு நிறையும், உடம்பு வற்றும். அடுத்தது நஞ்சு. மரவள்ளியின் தோலிலும் இலையிலும் சதையிலும் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. தோலை ஆழமாக எடுத்து, நறுக்கி, நிறைய நீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடவேண்டும். கசந்தால் துப்பிவிடுங்கள். காம்பு சிவப்பா வெள்ளையா என்று பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவர்கள் உண்டு, அதை நம்பவேண்டாம்.

---

சாமைச்சோறு | திங்கள், இரவு 10.41

பாட்டி சொல்வதுதான் சரி. அது நம் உணவே இல்லை. தென்னமெரிக்கக் கிழங்கு, போர்த்துக்கீசியன் கப்பலில் உலகம் சுற்றியது, பஞ்சத்தில் நம் தலையில் கட்டினார்கள். தீட்டிய வெள்ளை அரிசியும் அப்படித்தான். நம் முன்னோர் சாப்பிட்டது கேழ்வரகு, கம்பு, சோளம், தினை. அதற்குத் திரும்புவோம். எனக்குச் சர்க்கரை நோய் வந்தபிறகு நான் திரும்பிவிட்டேன். பிள்ளைக்குக் கிழங்குக்குப் பதில் கேப்பைக் களி கிண்டிக் கொடுங்கள்.

---

மண்வாசம் | செவ்வாய், காலை 7.20

சாமைச்சோறு அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. சிறுதானியம் நல்ல உணவு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் "நம்முடையது", "வந்தது" என்று நீங்கள் போடும் கோடு நிற்காது.

கேழ்வரகு முதலில் பயிரானது கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலத்தில், எத்தியோப்பியா, உகாண்டா பக்கம். கம்பு சகாராவின் தென் விளிம்பில், இன்றைய மாலி நாட்டுப் பகுதியில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே பயிர் செய்யப்பட்டது. சோளம் சூடான் பக்கத்தது. மூன்றும் கடல் தாண்டி வந்தவை. வள்ளி காத்த தினைப்புனத்தின் தினைகூட வட சீனத்தில் பழக்கப்பட்ட பயிர். மக்காச்சோளம் மெக்சிகோவிலிருந்து வந்தது, அதுவும் 1492க்குப் பிறகு. இந்திய மண்ணிலேயே பிறந்தவை என்று தயங்காமல் சொல்லக்கூடியவை வரகும் சாமையும். புறநானூற்றின் 335ஆம் பாட்டு வரகு, தினை, கொள், அவரை இந்த நான்கும் அல்லாது உணவு இல்லை என்கிறது, அந்தப் பட்டியலில் நெல் இல்லை. அதிலேயே சீனத்துத் தினை இருக்கிறது.

நெல்லும் யாங்சி ஆற்றங்கரையில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பயிராகத் தொடங்கியது. அதோடு கலந்துதான் நம் பக்கத்து நெல் இன்றைய உருவத்துக்கு வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றங்கரை மக்கள் தனியாக இன்னொரு நெல்லைப் பழக்கினார்கள், அது வேறு இனமே.

ஒரு பயிர் எத்தனை தலைமுறை நம் கையில் பட்டதோ அத்தனை தலைமுறைக்கு அது நம்முடையது. மரவள்ளிக்கு அந்த உரிமையை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

---

நாஞ்சில் பெண் | செவ்வாய், காலை 8.05

நம் தலையில் கட்டினார்களா? எங்க ஊர்ல மரச்சீனி இல்லாம ஒரு ஞாயித்துக்கிழமை கிடையாது!

நான் கன்னியாகுமரி மாவட்டம், இங்க உட்லண்ட்ஸ்ல பத்து வருஷம். எங்க பகுதி முன்ன திருவிதாங்கூர்தான். 1880லேர்ந்து 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கை ஜனங்க நடணும்னு பரப்பினார். விஷம்னு பயந்தவங்க பயம் போக அரண்மனைலயே அவிச்சு அவரே சாப்பிட்டார்னு எங்க ஆச்சி கதை சொல்லுவா. திருவிதாங்கூரும் பர்மா அரிசிய நம்பி இருந்த நாடுதான். 1942ல பர்மா போனதும் அங்கயும் பட்டினி, அங்கயும் கிழங்கு. ஆனா எங்களுக்கு அது முன்னமே பழகின சாப்பாடு. தேங்காயும் சீரகமும் அரைச்சுப் போட்டு மசிச்சு, பக்கத்துல சாளை மீன் கறி. பஞ்சம் போச்சு, கிழங்கு இருந்துச்சு.

பாட்டிக்கு அது பழக்கமில்லாத நேரத்துல, துணைக்கு மீனோ தேங்காயோ இல்லாம வந்திருக்கு. வருத்தம் அங்கதான் இருக்கும்னு தோணுது அக்கா.

---

பழைய தோட்டத்தான் | செவ்வாய், மாலை 5.48

எனக்கு 81 வயது. ஜொகூர் தோட்டமொன்றில் பிறந்து, 1960களில் இங்கு வந்து குடியேறியவன். தீட்டிய அரிசியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நம் சமூகத்தில் இதை அறிந்தவர் குறைவு.

நூறாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், கடைசியில் நெஞ்சு நின்றுபோகும். சீனச் சுரங்கத் தொழிலாளரிடையே அது பரவிக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்த தமிழருக்கோ ஏறக்குறைய வரவேயில்லை. கம்பத்து மலாய்க்காரருக்கும் வரவில்லை. பிராடன் என்ற மருத்துவர் 1907இல் எழுதிய நூலில் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளை அரிசி. மலாய்க்காரர் உண்டது வீட்டில் குத்திய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டேன்டனும் நெகிரி செம்பிலானில் சாலைத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, இரண்டு வகை அரிசியும் கொடுத்துப் பார்த்து, 1909இல் உறுதிப்படுத்தினார்கள்.

காரணம் எளிது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இதை எந்த மருத்துவரும் நம் பாட்டிமாருக்குச் சொல்லித்தரவில்லை. நெல் அவிக்கும் அண்டாவை அவர்கள் காலங்காலமாக அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, தம்பி சாமைச்சோறு, அரிசியின் மேல் பழிபோடும்முன் எந்த அரிசி என்று கேளுங்கள். ஒரே தானியம், ஆக்கும் முறை வேறு, ஒரு கூட்டம் மாண்டது, ஒரு கூட்டம் பிழைத்தது.

---

சாமைச்சோறு | செவ்வாய், இரவு 8.30

ஐயா, இது எனக்குத் தெரியாது. நன்றி. என் அம்மா புழுங்கலரிசிதான் வாங்குவார், பழைய பழக்கம் என்று நான்தான் நிறுத்தினேன். மண்வாசம், கேழ்வரகு பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். களி மட்டும் விடமாட்டேன்.

---

சேலத்துக்காரன் | செவ்வாய், இரவு 11.15

ஈசூன் அம்மா அக்கா, ஒண்ணு கேக்கறேன். பாட்டி ஜவ்வரிசிப் பாயசம் சாப்பிடுவாங்களா?

---

ஈசூன் அம்மா | புதன், காலை 6.50

சாப்பிடுவதா? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாட்டி கையால்தான் செய்வார். வேறு யாரையும் கிண்டவிட மாட்டார். ஏன் கேட்கிறீர்கள், தம்பி?

---

சேலத்துக்காரன் | புதன், மதியம் 1.02

அக்கா, அந்த ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்குதான்.

எங்க வீட்டுக்குப் பின்னாடியே ஆலை. எங்க பக்கம் குச்சிக்கிழங்குன்னு சொல்லுவோம். லாரியில வரும், தோல் சீவி, கழுவி, அரைச்சு, பாலை வடிகட்டித் தொட்டியில தெளிய விடுவாங்க. அடியில படியற மாவை எடுத்துக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, சூடான தட்டுல வறுத்து, வெயில்ல காயப்போடுவாங்க. சின்ன வயசுல அந்தக் களத்துலதான் விளையாட்டு. இந்தியாவுல ஜவ்வரிசின்னா சேலம்தான், ஆலைக்காரங்களுக்குன்னு 1981லேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே இருக்கு.

இதுல உங்க பாட்டி கதையோட ஒட்டற விஷயம் ஒண்ணு. போருக்கு முன்னாடி நம்ம ஊருக்கு ஜவ்வரிசி மலாயா, சிங்கப்பூர்லேர்ந்துதான் வரும். ஜப்பான் புடிச்சதும் வரத்து நின்னுபோச்சு. 1943ல சேலம் வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்குலேர்ந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவுல செஞ்சு பாத்தாங்க. அங்க ஆரம்பிச்சதுதான் இந்தத் தொழில். பாட்டி இங்க கிழங்கு தின்ன அதே வருஷம், அதே கப்பல் நின்னதால, அங்க அதே கிழங்குல பாயசத்துக்கு ஜவ்வரிசி செஞ்சாங்க.

---

நெல்மணி | புதன், மதியம் 2.30

தம்பி சொன்னதோடு சிங்கப்பூர்ப் பக்கத்தையும் சேர்க்கிறேன். அந்தப் பழைய ஜவ்வரிசி சேகோ பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்த மாவில் செய்தது. சரவாக்கிலிருந்தும் சுமத்ராவின் கிழக்குக் கரையிலிருந்தும் ஈர மாவாகப் படகில் வரும். 19ஆம் நூற்றாண்டில் சீனர்களின் பட்டறைகள் அதை இங்கே கழுவி, உருட்டி, வறுத்து, முத்து ஜவ்வரிசியாக இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பின. ஜாவா அரிசி என்பதே ஜவ்வரிசி ஆனது என்று பலர் சொல்வார்கள். சாகு என்ற மலாய்ச் சொல்லே சவ்வரிசிக்கு மூலம் என்பது என் கட்சி.

நெல் விளையாத இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில் இந்தப் பனைமரமே சோறு. மரம் பூக்கும்முன் வெட்டினால் ஒரு மரமே ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் தாங்கும். நம் பிள்ளைகள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்துக் குடிக்கும் பபிள் டீயின் கறுப்பு முத்தும் மரவள்ளி மாவுதான்.

---

புளோக் வாசி | புதன், இரவு 9.05

சுவையான பேச்சு, ஆனால் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு இதனால் என்ன? அரிசி இறக்குமதி செய்பவர்கள் மாதம் இறக்குவதைப்போல் இரண்டு மடங்கை எப்போதும் கிடங்கில் வைத்திருக்கவேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது, ஒரு மாதம் கழித்துச் சிங்கப்பூருக்கு விலக்கு கொடுத்தது. தாய்லாந்தும் வியட்னாமும் இருக்கின்றன. அரிசி எங்கிருந்தாவது வரும். கிழங்கை நட்டு என்ன ஆகப்போகிறது?

---

மண்வாசம் | வியாழன், காலை 7.45

நியாயமான கேள்வி. கிடங்கும் பல நாட்டு வரத்தும் நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் எத்தனை நாட்டிலிருந்து வருகிறது என்பது ஒன்று, வருவது எத்தனை வகை என்பது வேறு. உலகமே ஒரே மாதிரி நெல்லை நட்டால் நோய்க்கு நாட்டெல்லை கிடையாது.

1966இல் பிலிப்பீன்ஸின் அனைத்துலக நெல் ஆய்வு நிலையம் ஐஆர்-8 நெல்லை வெளியிட்டது. இந்தோனேசியாவின் பேத்தா, தைவானின் குட்டை நெல், இந்த இரண்டின் பிள்ளை அது. விளைச்சல் எகிறியது, பசியை அடக்கியது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் ஒரே சாயல் நெல் ஆசியா முழுக்கப் பரவியதும் 1970களில் புகையான் பூச்சியும், அது பரப்பும் புல்குட்டை வைரஸும் வயல்களை அழித்தன. நிலையத்தார் சேமிப்பிலிருந்த 6,000க்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தார்கள். அந்த வைரஸைத் தாங்கியது ஒன்றே ஒன்று. உத்தரப் பிரதேசத்தில் திரட்டிய ஒரைசா நிவாரா என்ற காட்டுநெல். வயலில் கண்டால் களை என்று பிடுங்கி எறிகிற புல் அது. அதை ஒட்டித்தான் குர்தேவ் குஷ் குழுவினரின் ஐஆர்-36 போன்ற வகைகள் வந்தன. யாரோ ஒருவர் அந்த ஒரு பிடி விதையைப் பையில் போட்டு எண் எழுதி வைக்காவிட்டால்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

இங்கே ஜப்பான்காரன் ஆட்சி நடந்த அதே நாட்களில் ருஷ்யாவின் லெனின்கிராடு நகரம் முற்றுகையில் கிடந்தது. தாவர அறிவியலாளர் வாவிலோவ் உலகமெங்கும் திரட்டிய விதைகள் அங்கே ஒரு கட்டடத்தில் இருந்தன. காவலிருந்த ஆய்வாளர்கள் பசியால் செத்தார்கள். நெல் பிரிவைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ் ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்களுக்கு நடுவே பட்டினியால் இறந்தார், ஒரு பிடியும் எடுக்கவில்லை. வாவிலோவ் 1943 ஜனவரியில் சிறையில் மாண்டார், அதுவும் போதிய உணவில்லாமல்.

நம் பக்கத்தில் நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல்லை மீட்டு, விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பக் கேட்டார். 2018 டிசம்பரில் மறைந்தார். வெள்ளத்தில் நீருக்கு மேல் தலை நீட்டும் காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி என்று இன்று தேக்காக் கடைகளில் பொட்டலமாகக் கிடைப்பது அவர் போன்றவர்களின் உழைப்பால்தான்.

மரவள்ளிக்கு வருகிறேன். குச்சியிலிருந்து வளர்வதால் ஒரு தோட்டம் முழுக்க ஒரே செடியின் நகல். அயர்லாந்து 1845இல் ஒரே வகை உருளைக்கிழங்கை நம்பியிருந்தது, கருகல் நோயில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். 1970களில் மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவின் மரவள்ளியை மொய்த்தபோது விடை மரவள்ளியின் தாய்வீட்டுப் பக்கம் கிடைத்தது. 1981இல் பராகுவேயில் கண்டெடுத்த கடுகளவு குளவி ஒன்று அந்தப் பூச்சியை அடக்கியது. அதே குளவி 2009இல் தாய்லாந்துக்கும் வந்து காப்பாற்றியது. இப்போது தேமல் நோய் வந்திருக்கிறது. 2015இல் கம்போடியாவில் கண்டார்கள், வியட்னாமுக்கும் தாய்லாந்துக்கும் பரவிவிட்டது. கொலம்பியாவின் காலி நகருக்கு அருகே சுமார் 6,000 மரவள்ளி வகைகளைக் கண்ணாடிக் குழாய்க்குள் வளர்த்துக் காக்கிறார்கள். மருந்து அங்கேயும் தேடப்படுகிறது.

நான்கு செடி சிங்கப்பூருக்குச் சோறு போடாது, தெரியும். ஆனால் தோலுரிப்பது எப்படி, எந்த நீரைக் கொட்டவேண்டும் என்று தெரிந்த கை ஒரு வீட்டில் இருக்கவேண்டும். அந்தக் கை இப்போது 93 வயதில் இருக்கிறது.

---

புளோக் வாசி | வியாழன், காலை 9.10

காட்டுநெல் விஷயம் அலுவலகம் வரும் வழியெல்லாம் மனதில் ஓடியது. ஒப்புக்கொள்கிறேன்.

---

பழைய தோட்டத்தான் | வியாழன், மாலை 6.20

அம்மா ஈசூன், ஒரு வேண்டுகோள். ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறது என்பதைப் பாட்டியிடம் சொல்லாதீர்கள். அந்த வயதில் அவருக்குப் பிடித்த ஒரு பாயசத்தைப் பறிக்கவேண்டாம்.

---

நாஞ்சில் பெண் | வியாழன், இரவு 7.00

ஐயா சொல்றதும் மனசுக்குப் படுது. ஆனா மறைச்சு வச்சுச் சாப்பிட வைக்கறது எனக்கு ஒப்பலை. அவங்க சாப்பாடு, அவங்களுக்குத் தெரியணும்.

---

ஈசூன் அம்மா | ஞாயிறு, இரவு 10.25

மூன்று நாள் யோசித்தேன். ஐயா பேச்சைத் தட்டியதற்கு மன்னிக்கவேண்டும். இன்று மதியம் பாட்டி தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது மெதுவாகச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "எனக்குத் தெரியாதா?" என்றார். கம்பத்தில் அவரும் அவர் அம்மாவும் கிழங்கைத் தகரத்தில் துருவி, வேட்டித் துணியில் பிழிந்து, பாலைத் தெளியவைத்து மாவு எடுத்திருக்கிறார்கள். துருவியது ஓட்டை போட்ட பிஸ்கட் தகரமாம். தகரத்தில் கிழிந்த விரலைக் காட்டினார், தழும்பு இருக்கிறது. இத்தனை வருஷம் அந்தக் கையால்தான் எனக்குத் தலை வாரிவிட்டார், நான் பார்த்ததேயில்லை. ஊருக்குப் போயிருந்தபோது ஜவ்வரிசி ஊறின தண்ணீரைப் பார்த்ததுமே இது அந்த மாவுதான் என்று கண்டுகொண்டாராம்.

அப்படியென்றால் கிழங்கு மட்டும் ஏன் ஆகாது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உப்பு" என்றார். அப்போது உப்பும் பங்கீடு, கடைசி ஒரு வருஷம் கிடைக்கவே இல்லையாம். உப்பில்லாமல் வெந்த கிழங்கு. சனிக்கிழமை நான் தண்ணீர் மட்டும் கொதிக்கவைத்தேன், வெந்தபிறகு உப்புப் போடலாம் என்று. அந்த வாசம்தான் அறைக்குள் போயிருக்கிறது. தம்பியைப் புதைத்த அன்றும் அதே வாசம்தான் வீட்டில் இருந்தது என்று சொன்னார். அவருக்கு ஒரு தம்பி இருந்தது எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

மகளுக்குக் கிழங்கு செய்து கொடுக்கச் சொல்லிவிட்டார். தண்ணீரிலேயே உப்பைப் போடு, மூடாதே, முதல் தண்ணீரைக் கொட்டு என்று சொல்லிக்கொடுத்தார். மகள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பாட்டி சாப்பிடவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை மேசையில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் புளோக் கீழே சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி கேட்டிருக்கிறேன். நடுவதற்குக் குச்சி யாரிடமாவது கிடைக்குமா? ஜொகூரிலிருந்து கொண்டுவரலாமா?

---

மண்வாசம் | ஞாயிறு, இரவு 10.58

எல்லை தாண்டிக் கொண்டுவராதீர்கள் அக்கா, தேமல் நோய் குச்சியோடுதான் பயணம் போகும், அனுமதியும் வேண்டும். என்னிடம் நல்ல செடி இரண்டு இருக்கின்றன. இலை சுருளாமல், மஞ்சள் திட்டு இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெட்டுவேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலுக்கு எடுத்து வருகிறேன், ஆறு குச்சி. கணு மேல் பார்க்க, சாய்த்து நடுங்கள். தலைகீழாக நட்டால் தடுமாறும். ஆள் உயரத்துக்கு மேல் வளரும், அதனால் பாத்தியின் ஓரமாகப் பார்த்து வையுங்கள்.

---

ஈசூன் அம்மா | ஞாயிறு, இரவு 11.04

வருகிறேன். பாட்டியும் வரவேண்டும் என்கிறார், குச்சியைப் பார்த்து வாங்கவேண்டுமாம்.